மாமனார் காரின் இன்ஜினை இறக்கிய மாப்பிள்ளை

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் இப்போதெல்லாம் எனக்கு வியர்க்கிறது. படித்தது பொய்யில்லை. நான்கு வருடம் படித்தேன். இரண்டு அரியரை எழுதி எழுதி முடித்தேன். சான்றிதழ் பீரோவுக்குள் பாச்சா உருண்டை வாசத்தோடு பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த நான்கு வருடத்தில் நான் கையால் தொட்ட இன்ஜின் ஒன்றுகூடக் கிடையாது. லேபில் ஒரு இன்ஜினைப் பாதியாக அறுத்து, உள்ளே சிவப்பும் நீலமும் பெயிண்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'தொடாதே' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். நானும் தொடவில்லை. (என் வாழ்க்கையில் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே காலம் அதுதான்.)

படித்து முடித்ததும் கிடைத்த வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன்களுக்குப் பொறுப்பாளர். பதினோரு வேன். எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் இறங்கும் என்று நோட்டில் எழுதுவதும், இறங்காமல் சீட்டில் தூங்கிவிட்ட பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பதும்தான் என் உத்தியோகம். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் என்ன சொன்னார்? "பையன் மெக்கானிக்கல் இன்ஜினியர். பதினோரு வண்டி அவரு கையில ஓடுது." ராஜபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிற என் மாமனார் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நம்ம வண்டியையும் மாப்பிள்ளை பாத்துக்கிடுவாரு" என்றார். நான் அப்போதே மறுத்திருக்கலாம். வாயில் கேசரி இருந்தது.

நம்ம வண்டி என்று அவர் சொன்னது ஒரு கரும்பச்சை நிறச் சீமைக் கார். என்னைவிட வயதில் மூத்தது. மேலே கூரை கிடையாது, இருப்பது இரண்டே சீட். உட்கார்ந்தால் தரைக்கு ஒரு சாண் மேலேதான் இருப்போம். பக்கத்தில் ஒரு ஆடு வந்து நின்றால் அது நம்மைக் குனிந்துதான் பார்க்கும். குன்னூரில் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து மாமா அதை வாங்கியிருந்தார். வாங்கிய நேரம்தான் சரியில்லை.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, மகன் பிறந்த அன்று மாமா பக்கத்தில் இல்லை. குன்னூரிலிருந்து ஆசையாக ஓட்டிக்கொண்டு வந்த கார் திருமங்கலத்தில் நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்து, லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து இறங்கிய அத்தை வாசலில் நின்ற காரைப் பார்த்தார். "நான் இங்க பிள்ள பெத்துக் கெடக்கேன், இவிய சக்களத்தியக் கூட்டிக்கிட்டு வந்திருக்காவ. என் உசுரு இருக்கமட்டும் இதுல ஏற மாட்டேன்" என்றார். ஏறவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, ராணுவத்தில் சேர்ந்து, எல்லைக்குப் போகும்வரை ஏறவில்லை. மாமா வாராவாரம் காரைத் துடைத்து, இடது பக்கத்துச் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு, தனியாகவே ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் கல்யாணம் வைகாசியில் நடந்தது. மாமாவுக்கு ஆவணியில் அறுபது நிறைகிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்து மணிவிழா என்று முடிவாயிற்று. யார் யார் எந்த வண்டியில் போவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "நாங்க ரெண்டு பேரும் அதுலயே போயிட்டு வாரோம். ஒரே ஒரு தடவ. அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாமா எழுந்து போய், முந்தின நாள்தான் கழுவிய காரை மறுபடியும் கழுவினார். மறுநாள் கடைவீதிக்குப் போய் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தார். அறுபது வயதில் அந்த மனிதர் அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றதை என் மனைவி கனகா ஒளிந்திருந்து பார்த்திருக்கிறாள்.

காரில் ஒரு கோளாறு இருந்தது. மேடு ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. ஞானராஜ் அண்ணன் வந்து பார்த்தார். மம்சாபுரத்துக்காரர், அந்தக் காருக்கு இருபது வருட வைத்தியர். "கிளட்ச் பிளேட்டு தேஞ்சிட்டு, அண்ணாச்சி. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஒண்ணா இறக்கித்தான் மாத்தணும். பிளேட்டு என்கிட்ட இருக்கு. நிதானமாப் பாத்தா பத்து நாளு" என்றார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நான் ஏன் உள்ளே புகுந்தேன் என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம். புதுப்பெண்ணை அவளுடைய அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆடியில் புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் ராத்தங்கக் கூடாது, சும்மா சும்மா போய் நிற்கவும் கூடாது. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ராஜபாளையம் பைக்கில் அரை மணி நேரம்தான். ஆனால் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே? கடவுள் கிளட்ச் பிளேட்டைத் தேய்த்துக் கொடுத்தார்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, இன்ஜினை நானே இறக்கிருதேன். நம்ம படிப்பே அதுதானே." மறுமுனையில் "ஆடியில வேலைய ஆரம்பிக்கலாமா?" என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "கழத்துறது சுபகாரியம் இல்லல்லா. ஆடியில கழத்திக்கிடுவோம், ஆவணி பொறந்ததும் மாட்டிக்கிடுவோம்." பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைக்காரர் நாற்பது நிமிடத்தில் இன்ஜின் இறக்குகிற வீடியோவை போனில் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். (பைக் ஓட்டும்போது இல்லை. வன்னியம்பட்டி பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்திப் பார்த்தேன். அவ்வளவு முட்டாள் இல்லை.)

அந்த வீட்டின் ஒரு சட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். மாப்பிள்ளையிடம் அவர் செய்வது தப்பு என்று யாரும் சொல்லக்கூடாது. மாப்பிள்ளை சாம்பாரில் மோரை ஊற்றிக்கொண்டால், அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் சாப்பிட வேண்டும். கட்டிக்கொண்ட கனகாவுக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏங்க, உங்களுக்கு இது நெசமாவே தெரியுமா?" என்றாள். "என்ன கனகா, நான் படிச்சவன்லா" என்றேன். "அதான் கேக்கேன்" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். முதல் நட்டையே எதிர்ப்பக்கம் திருப்பினேன். அது இன்னும் இறுகியது. மாமா பக்கத்திலிருந்து, "மாப்பிள்ளை டைட்டா இருக்கான்னு சோதிச்சுப் பாக்காவ" என்று ஞானராஜ் அண்ணனுக்கு விளக்கம் சொன்னார். அடுத்து, அந்தச் சீமைக் காருக்கு நம் ஊர் ஸ்பானர் அளவு சேராது, அதற்கென்று தனி அளவு இருக்கிறது என்பது தெரியாமல், கைக்கு வந்த ஸ்பானரைப் போட்டு ஒரு நட்டின் மூலையை எல்லாம் வழித்து கோலிக்குண்டு மாதிரி உருட்டி வைத்தேன். ஞானராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார், நட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "அக்கா, மாப்பிள்ளைக்குக் காப்பி!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

நான் கை கழுவி, காப்பி குடித்து, கனகாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்து பார்த்தால், நட்டு கழன்றிருந்தது. "உங்க கை பட்டதுல லூசாயிருந்துச்சு மாப்பிள்ளை, தொட்டதும் வந்துட்டு" என்றார். நம்பினேன்.

ரேடியேட்டர் தண்ணீரை என் தலையிலேயே திறந்துவிட்டுக்கொண்டேன். "அக்கா, மாப்பிள்ளைக்குக் காப்பி!" கழற்றிய போல்ட்டுகளையெல்லாம் ஒரே முறுக்கு டப்பாவில் மொத்தமாகக் கொட்டினேன். "அக்கா, காப்பி!" நான் குடித்துவிட்டு வருவதற்குள் ஒவ்வொரு போல்ட்டும் தரையில் சாக்பீஸ் வட்டத்துக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஏதோ என் மேல் அவருக்குத் தனிப் பிரியம் என்றுதான் நினைத்தேன். மூன்று நாளில் எத்தனை டம்ளர் குடித்தேனோ, ராத்திரி தூக்கமே வரவில்லை. தூக்கம் வராத நேரத்தில் அந்த வெள்ளைக்காரர் வீடியோவையே மறுபடி மறுபடி பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது மாதிரி ஒரு தெம்பு வந்தது. அந்தத் தெம்பு வராமல் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் இன்ஜின் தூக்கத் தயாராக நின்றது. போர்க்கிணற்றிலிருந்து மோட்டார் தூக்குகிற மூன்று கால் இரும்புக் குழாய்களைக் காருக்கு மேலே நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக் மாட்டியிருந்தார்கள். அதன் சங்கிலியை இழுத்தால் ஒரு ஆளே இன்ஜினைத் தூக்கிவிடலாம். ஞானராஜ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கோயிலுக்குப் போயிட்டு பதினோரு மணிக்கு வந்துருதேன். வந்த பொறவு தூக்குவோம். அதுவரைக்கும் எதையும் தொட..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அதாவது, மாப்பிள்ளை நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே நான் அங்கே இருந்தேன். கனகா வீட்டில் இல்லை. மணிவிழாவுக்கு அத்தை கட்டப்போகிற பட்டுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார்கள், அதை வாங்க அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். நான் அவளைப் பார்க்க அவள் ஊருக்கு வந்தால், அவள் என் ஊருக்குப் போயிருக்கிறாள். என் ஜாதகம் அப்படி. சரி, அவள் திரும்பி வரும்போது இன்ஜின் அந்தரத்தில் தொங்க வேண்டும், கீழே நான் இடுப்பில் கைவைத்து நிற்க வேண்டும் என்று ஒரு காட்சி மனதில் வந்துவிட்டது. "மாமா, தூக்கிருவோமா?" என்றேன்.

"ஞானராசு வந்துரட்டுமே" என்றார் மாமா.

"அவரு பாவம், கோயிலுக்குப் போயிட்டு அலுத்து வருவாரு. எல்லாம் கழத்தியாச்சுல்லா?"

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை சொல்லியாயிற்றே.

சங்கிலியை இழுத்தேன். டக், டக், டக் என்று செயின் பிளாக் எண்ணிக்கொண்டே போக, இன்ஜின் லேசாக அசைந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்போது அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தார். கையில் டம்ளர். காரின் இடது பக்கமாக வந்து நின்று, உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை, காப்பி குடிச்சிட்டுப் பொறவு தூக்கலாமே" என்றார்.

"தூக்கிட்டுக் குடிக்கேன், அத்தை."

டக், டக். மாமா பின்பக்கம் நின்றுகொண்டு தயங்கித் தயங்கி, "மாப்பிள்ளை, வண்டியும் கூட வருதாப்ல இருக்கு" என்றார்.

"அது சஸ்பென்ஷன், மாமா. பாரம் குறையக் குறைய ஸ்பிரிங் விரியுது."

"அப்படியா. சரி, சரி."

"மாப்பிள்ளை, காப்பி ஆறிரும்லா" என்றார் அத்தை. குரல் ஒரு மாதிரி இருந்தது. என் மேல் எம்புட்டுப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். "பரவால்ல அத்தை, ஆறட்டும்" என்று இன்னும் இழுத்தேன்.

"மாப்பிள்ளை, முன் டயரு தரையை விட்டுட்டுதே?"

"கடைசி விரிவு, மாமா. இப்ப வந்துரும்."

"படிச்சவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அத்தை டம்ளரை நீட்டியபடி இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்தார். "ஒரே ஒரு வாய் குடிச்சிட்டு இழுங்களேன், மாப்பிள்ளை" என்றார். காப்பி தளும்பியது. நான் சிரித்துக்கொண்டே, பலம் கொண்ட மட்டும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

இடது பக்கம், சைலன்சர் குழாய் வளைவுக்குக் கீழே, இன்ஜினைக் காரோடு பிடித்திருந்த ஒரு போல்ட் இன்னும் கழற்றாமல் இருந்தது. இன்ஜின் நகர்ந்துவிடாமல் இருக்க ஞானராஜ் அண்ணன் வேண்டுமென்றே விட்டுவைத்தது. தூக்குவதற்குச் சற்று முன்னால் கழற்ற வேண்டியது. நான் தூக்கியது இன்ஜினை இல்லை, மொத்தக் காரையும். அந்த இழுப்பில் போல்ட்டுக்கு மேலே இருந்த ரப்பர் கிழிந்தது. கார் தொப்பென்று கீழே விழுந்தது. இன்ஜின் மேலே துள்ளி, ஒரு சுற்றுச் சுற்றி, வால்பக்கத்துக் கியர் பாக்ஸ் காரின் இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. கேட்கக்கூடாத சத்தம் ஒன்று கேட்டது. கியர் பாக்ஸில் நான் வடிக்காமல் விட்டிருந்த எண்ணெய் முழுவதும் வாசல் கோலத்தின் மேல் கொட்டியது.

செயின் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு அடி கிடி படலையே?" என்றார் மாமா. இன்ஜினை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். "காப்பி ஆறிப்போச்சு. சூடு பண்ணித் தாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பதினோரு மணிக்கு ஞானராஜ் அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதப்புத்தகம். அப்படியே குனிந்து, எண்ணெய் வழியும் கியர் பாக்ஸைத் தடவிப் பார்த்தார். அந்த அலுமினியக் கூட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அக்கா, மாப்பிள்ளைக்குக் காப்பி" என்று அவர் சொல்வார், நான் உள்ளே போய்விட்டு வருவதற்குள் இதுவும் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. அவர் சொல்லவில்லை. அந்த மூன்று நாள் காப்பியின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தை மூன்று தடவை ஏன் காப்பி, காப்பி என்றார் என்பதும் புரிந்தது.

மதுரைக்குக் கொண்டுபோய் அந்தக் கூட்டைப் பற்றவைத்துக் கொண்டுவந்தார்கள். மாட்டுவதற்கு முன்பே பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக விரிசல் விட்டது. வேறு கூடு சீமையிலிருந்துதான் வர வேண்டும், மாதக்கணக்காகும் என்று தெரிந்தது. ஆவணி பிறந்துவிட்டது.

மணிவிழா அன்று ஊரில் ஏகப்பட்ட கல்யாணம், வாடகைக்கார் எதுவும் கிடைக்கவில்லை. என் அதிகாரத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மஞ்சள் நிறத்தில், 'பள்ளி வாகனம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன். மாலையும் பட்டுமாக அத்தை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேர் கிறுக்கிய சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஏறுவதற்கு முன்னால் ஒரு முறை திரும்பி, மாமரத்தடியில் வயிறு திறந்து கிடந்த காரைப் பார்த்தார். அன்று காலையிலும் மாமா அதைக் கழுவித் துடைத்திருந்தார். அவருடைய பட்டுச் சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடி துருத்திக்கொண்டு தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை அதை அவர் வெளியே எடுக்கவில்லை. நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. (புகைப்படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம். நான் தும்முகிறேன்.)

அதற்கும் யாரும் என்னைத் திட்டவில்லை. "மாப்பிள்ளை என்ன வேணும்னா செஞ்சாரு? சாமான் பழசு" என்று மாமா வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். அத்தை எனக்கு எப்போதும் போல இலையில் முதல் வடை வைத்தார். "பொங்கலுக்கு அந்தச் சாமான் வந்துரும்லா, அப்ப ஏறிக்கிட்டாப் போச்சு" என்று மாமாவிடம் சொன்னதையும் கேட்டேன். வாங்க வேண்டிய திட்டை வாங்காமல் இருப்பது செரிக்காத சாப்பாடு மாதிரி. நெஞ்சிலேயே நிற்கும். எத்தனை சோடா குடித்தாலும் இறங்காது.

பொங்கலுக்கு வரவில்லை. தை மாதக் கடைசியில் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன். முடிந்து வெளியே கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். மாமா, கனகா, நான் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். டாக்டர் வந்து, "நல்லா நடப்பாங்க. ஆனா இனிமே தாழ்வா எதுலயும் உட்காரக் கூடாது. தரை, மணை, தணிஞ்ச சீட்டு எதுவும் வேண்டாம். உயரமான நாற்காலிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிற ஒரு சீட்டைப் பற்றித்தான் மூன்று பேரும் நினைத்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தை கண்ணைத் திறந்தார். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. கண் அங்கே இங்கே அலைந்து, என் மேல் வந்து நின்றது.

"ஏலே!" என்றார்.

நான் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"உன்னத்தாம்லே. காப்பி, காப்பின்னு மூணு தடவ சொன்னேன்லா? ஒரு தடவயாது நின்னியா? எடது பக்கம் ஒரு போல்ட்டு கெடக்குன்னு ஞானராசு எங்கிட்டச் சொல்லிட்டுல்லா போனான். கண்ணால பாத்துக்கிட்டு நிக்கேன், வாயத் தொறந்து சொல்ல முடியல... எத்தன வருசம் கழிச்சு ஏறலாம்னு இருந்தேன். கெடுத்துட்டியேலே, பாவி."

மாமா பதறிப்போய் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி! மாப்பிள்ளட்டி! மாப்பிள்ள!"

"மாப்பிள்ளையாம் மாப்பிள்ள" என்றார் அத்தை. அப்படியே மறுபடி தூங்கிப்போனார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்த 'ஏலே'யில் இறங்கிவிட்டது. "தப்புத்தான் அத்தை" என்று தூங்குகிறவரிடம் சொன்னேன். வராந்தாவுக்குப் போய் நன்றாக அழுதேன். கனகா பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் அழுதாள், கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் செய்தாள். மறுநாள் கனகா இதைச் சொன்னபோது அத்தை காதைப் பொத்திக்கொண்டார். "நானா? மாப்பிள்ளையையா? பெருமாளே! இவ இட்டுக்கட்டிச் சொல்லுதா" என்றார். இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் விஷயம் குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் வீட்டில் யார் என்ன கிறுக்குத்தனம், கோட்டித்தனம் செய்யக் கிளம்பினாலும் இப்போது யாரும் "வேண்டாம்" என்று சொல்வதில்லை. நான் ஸ்டூல் மேல் ஏறி ஃபேனைத் தொட்டால் கனகா கீழேயிருந்து, "காப்பி போடட்டுமா?" என்பாள். எல்லையிலிருந்து மச்சினன் போன் செய்தால் முதல் கேள்வியே, "அத்தான், இன்னைக்கு எத்தன காப்பி?" என்பதுதான். சேத்தூரில் ஒரு சித்தப்பா அவசரமாக ஒரு இடத்தில் மகளுக்குச் சம்பந்தம் பேசப்போனபோது, மொத்தச் சபையும் அவரைப் பார்த்து, "காப்பி குடிச்சிட்டுப் பொறவு பேசலாமே" என்று சொல்லித் தடுத்துவிட்டது. நல்லவேளை, அவர் குடித்தார்.

மாசியில் அந்தக் கூடு பார்சலில் வந்து சேர்ந்தது. ஞானராஜ் அண்ணன் பத்து நாள் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாட்டினார். அந்தப் பத்து நாளும் ராஜபாளையத்திலிருந்து எனக்கு விதவிதமான வேலைகள் வந்துகொண்டிருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மட்டுமே நான்கு தடவை வாங்கிவரச் சொன்னார்கள். வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி என்று யாரும் யோசிக்கவில்லை. கார் இப்போது மேட்டில் எல்லாம் பிரமாதமாக ஏறுகிறது என்று ஞானராஜ் அண்ணன் சொல்கிறார். அவர் ஓட்டிப் பார்த்ததுதான்.

மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவித் துடைக்கிறார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிறார். இடது பக்கத்துச் சீட்டைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டுகிறார். வாசலில் உயரமான நாற்காலியில் கைத்தடியோடு அத்தை உட்கார்ந்திருப்பார். "ஒரு நட ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்பார் மாமா. அத்தை காரைப் பார்ப்பார். பிறகு அவரைப் பார்த்து, "காப்பி குடிச்சிட்டுப் பொறவு போங்களேன்" என்பார்.

மாமா என்னைப் போல இல்லை. அவர் உடனே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, அத்தை பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.